டைலுக்குக் கீழே கருகிய பலகை: களுவாஞ்சிகுடி வீடொன்றில் அடுப்படி திருத்திக் கட்டிய விபரம்

மாமி தொலைபேசியில் சொன்னது ஒரு லாச்சியைப் பற்றித்தான். கரண்டி வைக்கும் மேல் லாச்சி இறுகிவிட்டது, இழுக்க வருகுதில்லை, ஓடாவியாரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். வைக்கப் போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "உள்ளுக்குக் கை வச்சா இளஞ்சூடாக் கிடக்கு மன. கரண்டியெல்லாம் சூடு."

நான் ஓடாவியாரைத் தேடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிக்குப் போனேன். வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். அடுப்பில் இருந்து ஒன்றரை அடி தள்ளியிருக்கும் லாச்சிக்குள் கரண்டி சூடாகிறதென்றால் நடுவில் ஏதோ வெந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அது 2023 ஆடி மாதம். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று உச்சத்தில் வீசிய நேரம். அன்று பார்த்ததையும், பிறகு இரண்டு கிழமையில் செய்ததையும், அதில் எங்கே பிழைத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி அடுப்பு நம் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. போகும் வீடுகளில் கண்டுகொண்டுதான் இருக்கிறேன்.

அடுப்பு அந்த இடத்துக்கு வந்த வழி

வீடு பழையது. குசினியின் மேற்குப் பக்கத்தில் வளவுக்கு இறங்கும் கதவு. வடக்குச் சுவரில் நல்ல புகைக்கூடு. 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழம், இடுப்பளவு உயரத்தில் கொங்கிறீற்றுத் தட்டு. தட்டின்மேல் மூன்று கல் அடுப்பு, தட்டுக்குக் கீழே விறகு. மாமா இருந்த காலத்தில் காஸ் வந்ததும் அந்தத் தட்டின் முன்பகுதியை உடைத்து, புகைக்கூட்டின் வாயில் இருந்து 4 அங்குலம் மட்டும் விட்டுவிட்டு, அதோடு ஒட்டிப் பலகையில் பன்ட்ரி, அதாவது லாச்சி வைத்த சமையல் மேடை, அடித்தார்கள். 18 மில்லிமீற்றர் பிளைவூட் மேல்தட்டு, அதன்மேல் டைல். பார்க்க அழகாக இருந்தது. காஸ் அடுப்புக்கு அது போதும்.

அப்புறம் 2022. காஸ் வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் சாமான் இல்லை. வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு இரவு முழுக்கக் காவல் இருந்த காலம். மாமி ஒரு ஒட்டு வேலைக்காரரிடம் சொல்லி இரும்புப் பெட்டி அடுப்பொன்று செய்வித்தார். 3 மில்லிமீற்றர் தகடு, 14 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் கொண்ட வாய், மேலே இரண்டு பானைக்கு ஓட்டை. அதைப் புகைக்கூட்டுக்குள் செருகி, சுற்றிவரச் சீமெந்தால் இறுக்கிப் பூசிவிட்டார்கள். பெட்டியின் வாய் புகைக்கூட்டின் விளிம்போடு வந்து நின்றது. வாய்க்கு முன்னால் 4 அங்குலம் கொங்கிறீற்று. அதற்கு அங்கால் டைல் போட்ட பலகை.

வெள்ளைக்காரர் நாடுகளில் பழைய கணப்புக்குள் விறகுப் பெட்டியைச் செருகி வீட்டைச் சூடாக்குவார்களே, அதே அமைப்புத்தான் இது. குளிருக்குப் பதிலாகச் சோறு. ஆனால் அங்கே பெட்டிக்கு எவ்வளவு விதி இருக்கிறதோ அவ்வளவு விதி பெட்டிக்கு முன்னால் உள்ள தரைக்கும் இருக்கிறது. அந்தத் தரையைப் பற்றி இங்கே யாரும் யோசிக்கவில்லை. மாமி என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்போது யோசித்திருப்பேனோ என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டைல் எரியாது என்பதோடு எங்கள் எல்லோருடைய நினைப்பும் நின்றுவிடும்.

லாச்சியைக் கழற்றியபோது

லாச்சி இறுகியதற்குக் காரணம் மேல்தட்டு வளைந்திருந்தது. கழற்றிக் கீழே வைத்தபோது உள்ளே கரண்டிகளுக்கு நடுவில் கபில நிறத்தில் தூள் கொட்டிக் கிடந்தது. கறையான் என்றுதான் மாமி நினைத்திருக்கிறார். விரலில் எடுத்து மணந்து பார்த்தேன். வறுத்த கோப்பிக்கும் தார்க்கும் நடுவில் ஒரு வாசம்.

மேலே டைலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பெட்டி வாய்க்கு நேர் முன்னால் மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. இரண்டு டைலுக்கு இடையில் இருந்த பூச்சு கறுத்திருந்தது. அவ்வளவுதான். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மறுநாள் காலையில் உளியால் டைலைக் கிளப்பினோம். கீழே பிளைவூட்டில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குக் கறுப்பு வட்டம். நடுவில் கரி, அதைச் சுற்றிக் கடும் கபிலம், ஓரத்துக்குப் போகப் போக மஞ்சள். பெருவிரலால் அமத்தினால் நடுப்பகுதி நொறுங்கி உதிர்ந்தது. 18 மில்லிமீற்றரில் 11 தான் பலகையாக மிஞ்சியிருந்தது. சுவாலை என்று ஒன்று அங்கே ஒருபோதும் எழவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அது சத்தமில்லாமல் கரியாகிக்கொண்டிருந்திருக்கிறது.

பக்கத்தில் நின்ற மாமி கையை வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் குசினிக்கு அடுத்த அறையில்தான் பேரப்பிள்ளைகள் படுப்பார்கள்.

டைல் எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை

அடுப்புக்கு முன்னால் உள்ள தளத்துக்கு இரண்டு வேலை. விழுகிற தணலும் பொறியும் கீழே உள்ளதைத் தொடாமல் பார்ப்பது ஒன்று. சூடு கீழே இறங்காமல் பார்ப்பது மற்றது. முதல் வேலையை ஒரு டைலே செய்துவிடும். இரண்டாவதை அது செய்யவே செய்யாது. 8 மில்லிமீற்றர் டைல் சூட்டைப் பிடித்து வைக்காது, கீழே கடத்திவிடும். கருங்கல் போட்டால் இன்னும் வேகமாகக் கடத்தும்.

நல்ல காய்ந்த பலகை உடனே பற்றிக்கொள்ள ஏறக்குறைய 250 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். இதை வைத்துத்தான் பலர் பயமில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் 100 பாகையை ஒட்டிய சூட்டிலேயே மாதக் கணக்கில் கிடந்தால் பலகையின் தன்மை மாறிப்போகும். ஈரம் போய், உள்ளே உள்ளவை சிதைந்து, கரியாகத் தொடங்கும். கரி புதுப் பலகையைவிடக் குறைந்த சூட்டில் கனலும். ஆகவே முதல் மாதம் பத்திரமாக இருந்த அதே அடுப்பு, அதே நெருப்பில், இரண்டாம் வருடம் பத்திரமாக இருக்காது. பலகை நாளுக்கு நாள் பலவீனமாகிக்கொண்டே போகிறது.

உடைக்குமுன் அன்று பின்னேரமே சூட்டை அளந்தேன். அளப்பவர்களுக்கு ஒரு விஷயம்: கொரோனா காலத்தில் நெற்றிக்குப் பிடித்த துவக்கு மாதிரிக் கருவி இதற்கு உதவாது, காய்ச்சல் அளவுக்கு மேல் அது காட்டாது. வாகனத் திருத்தகங்களில் பாவிக்கும் வகை வேண்டும். மினுங்கும் இரும்பை அது குறைத்துக் காட்டும். ஆகவே பெயின்ட் அடிக்கும்போது ஒட்டும் காகித நாடாவில் சின்னத் துண்டை ஒட்டி அதன்மேல் பிடித்தேன். ஒரு மணி நேரம் சமைத்த பிறகு வாய்க்கு 6 அங்குலம் முன்னால் டைலில் 118. பலகையின் அடிப்பக்கத்தில் 84. லாச்சிக்குள் கரண்டியில் 52. குசினியின் சூடு 34.

118 எனக்குக் கூடுதலாகப் பட்டது. திறந்த வாயில் இருந்து வரும் அனலுக்கு மட்டும் அவ்வளவு சூடு ஏறுமா என்று யோசித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அப்போதுதான் மாமி கறியை இறக்கிவிட்டு, கம்பியால் தணலை வெளியே இழுத்து டைலின்மேல் பரப்பினார். இரண்டு கருவாட்டுத் துண்டை எடுத்து அதில் போட்டார்.

அவருக்கு அது வழக்கம். காலையில் பால் ஆறாமல் இருக்கத் தணலை முன்னால் இழுத்து வைப்பார். பின்னேரம் சாம்பிராணிக்கு அதில் இருந்துதான் எடுப்பார். அறுபது வருடமாக மண் அடுப்படியில் செய்ததைத்தான் டைலின்மேலும் செய்தார். பிழை அவருடையது இல்லை. அடுப்பைச் செய்தவரும் பூசியவரும், எப்படிச் சமைப்பீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த வீட்டில் தணல் தவறி விழுவதில்லை, வேண்டுமென்றே வந்து தங்குகிறது. ஆகவே தணலைத் தாங்கினால் மட்டும் போதாது, அதன் சூட்டை ஒரு மணி நேரம் கீழே விடாமல் நிற்கும் அடுப்படிதான் இங்கே வேண்டும்.

அளவுகள்

மாமியின் மூத்த மகன் லண்டனில் இருக்கிறார். படங்களை அனுப்பியதும் அழைத்துவிட்டார். அவர் வீட்டிலும் விறகுப் பெட்டி செருகிய கணப்பு இருக்கிறது. "மச்சான், எங்கட இதுக்கு முன்னால தளம் பத்தாதெண்டு வந்து பார்த்தவன் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டவன். அங்க ஒருத்தரும் பார்க்கலயா?" என்று கேட்டார். பார்க்க அங்கே ஆள் இருக்கிறது, இங்கே நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

இங்கிலாந்துக் கட்டட விதிகளின் 'ஜே' ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. திறந்து எரிக்கும் பெட்டிக்கு முன்னால் குறைந்தது 300 மில்லிமீற்றர், கதவை மூடி எரிப்பதற்கு 225, பக்கங்களில் 150. பெட்டியின் சூட்டால் தளம் 100 பாகையைத் தாண்டாது என்றால் மட்டும் 12 மில்லிமீற்றர் தளம் போதும், தாண்டுமென்றால் 125 மில்லிமீற்றர் கனம். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டடக் கோவையில், வாய் 6 சதுர அடிக்குக் குறைந்த கணப்புக்கு முன்னால் 16 அங்குலம், பக்கத்துக்கு 8 அங்குலம். அதைவிடப் பெரிய வாய்க்கு 20ம் 12ம்.

மாமியின் அடுப்பு வாய் ஒரு சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. கணக்குப்படி 16ம் 8ம் போதும். நான் பெரிய வாய்க்குரிய அளவை எடுத்தேன், இரண்டு காரணத்துக்காக. அந்த நாட்டு விதிகள் முழு விறகும் பெட்டிக்குள் கிடக்கும் என்று வைத்து எழுதியவை. நாங்கள் இரண்டடிக் கொள்ளியை நுனியில் பற்றவைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுகிறோம். ஒரு அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் முறிந்தால் வெளித் துண்டு நெருப்போடு சரியும். சிரட்டையும் பன்னாடையும் போட்டால் பொறி பறப்பது வேறு. மற்றக் காரணம் கதவு மேற்கே இருப்பது. கச்சான் நேரத்தில் காற்று அடுப்புக்குக் குறுக்காகவே போகும்.

ஆகவே வாய்க்கு முன்னால் 24 அங்குலம், அதாவது பழைய 4ம் புதிய 20ம். பக்கத்துக்கு 12. மொத்த அகலம் 38 அங்குலம். அந்த அளவுக்குப் பன்ட்ரியை வெட்டி எடுக்க வேண்டும் என்றதும் மாமியின் முகம் வாடியது. மாமா பார்த்துப் பார்த்து அடிப்பித்த பன்ட்ரி. டைலை மட்டும் கிளப்பி நடுவில் தகரம் வைத்தால் என்ன என்று கேட்டார். தகரம் சூட்டைத் தடுக்காது மாமி என்று சொல்லி, கருகிய துண்டைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, "சரி, வெட்டு மன" என்றார்.

கட்டிய விதம்

வெட்டிய இடத்தில் பலகை ஒரு துண்டும் விடவில்லை. இரண்டு பக்கமும் செங்கல்லில் கால் எழுப்பி, அதன்மேல் 3 அங்குலக் கொங்கிறீற்றுத் தட்டு. 10 மில்லிமீற்றர் கம்பி, இரண்டு திசையிலும் 6 அங்குல இடைவெளி. கலவை 1:2:4. தட்டின் மேல்மட்டத்தைப் பழைய தட்டைவிட மூன்றரை அங்குலம் தாழ்த்தி ஊற்றினோம், மேலே வரவேண்டியவற்றுக்கு இடம் விட்டு. கச்சான் காற்றில் கொங்கிறீற்று ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைக்கச் சொன்னேன். மாமி பூக்கண்டுக்கு ஊற்றுவதுபோல் கவனமாக ஊற்றினார்.

தட்டுக்கு மேலே வந்ததுதான் இந்த வேலையின் உயிர். படுவான்கரைப் பக்கத்து நெல் மில் ஒன்றில் இருந்து இரண்டு உரப்பை உமிச்சாம்பல் எடுத்துவந்தோம். உமி எரிந்தால் ஐந்தில் ஒரு பங்களவு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. துகளுக்குள் துகளாகக் காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் கொங்கிறீற்றைவிடப் பல மடங்கு சூடு தடுக்கும். உருக்காலைகளில் உருகிய இரும்பு ஆறாமல் இருக்க மேலே இதைத்தான் தூவுகிறார்கள். எடுக்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் அதில் இன்னும் கரி கிடக்கிறது, சூட்டில் கனலும். வெண்சாம்பல் நிறமாக நன்றாக எரிந்ததைத்தான் எடுக்க வேண்டும். தூசு நெஞ்சுக்குக் கூடாது, மூக்கைக் கட்டிக்கொண்டு உடனே நனைத்துவிட வேண்டும்.

மூன்று பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு புற்றுமண். உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். 1 அங்குலக் கனத்துக்குப் பரப்பி அமத்தினோம். அதன்மேல் செங்கல்லைப் படுக்க வைத்து, புற்றுமண் சாந்தில் பதித்தோம்.

இந்த இடத்தில் மேசனுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். நல்ல வேலைக்காரர், கை சுத்தம். மேலே சிவப்புச் சீமெந்து பூசி மினுக்கித் தருகிறேன், கழுவ லேசு என்றார். "அண்ணன், தணல் கிடக்கிற இடத்துக்குச் சீமெந்து கூடாது" என்றேன். 400, 500 பாகையில் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும் தண்ணீர் பிரிந்துவிடும். ஆறி மறுபடி ஈரம் பிடிக்கும்போது பருத்து வெடிக்கும். செங்கல் ஏற்கெனவே சூளையில் அதைவிடக் கூடிய சூட்டைக் கண்டது, ஒன்றும் ஆகாது. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியைச் சுற்றிப் பூசியிருந்த பழைய சீமெந்தைக் காட்டினேன். நாலு மூலையிலும் விரல் நுழைய வெடித்திருந்தது.

அந்த வெடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 14 அங்குல இரும்பு 400 பாகை சூடேறினால் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் நீளும். இறுக்கிப் பூசினால் அது போக இடமில்லை, பூச்சைத்தான் உடைக்கும். ஆகவே பெட்டியைக் கழற்றி, கீழே 2 அங்குலத்துக்குச் செங்கல்லும் சாம்பலும் வைத்துத் தூக்கினோம். சுற்றிவரக் கால் அங்குலம் இடைவெளி விட்டு, அதைச் சாம்பல் கலவையால் இறுக்காமல் அடைத்தோம். பழைய தட்டும் புதுத் தளமும் சேரும் இடத்திலும் அப்படியே. வாய் இப்போது தளத்தைவிட 2 அங்குலம் உயரம். இழுக்கும் தணல் ஒரு படி இறங்கி வந்து கிடக்கும். முன் விளிம்பில் செங்கல்லை நிறுத்தி 1 அங்குல வரம்பு கட்டினோம், உருண்டு வரும் துண்டு அதில் நிற்கும்.

மிஞ்சிய பன்ட்ரியின் வெட்டு முகத்துக்கு நாகத் தகரம் அடித்தோம். பலகையோடு ஒட்டி இல்லை, 1 அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றுப் போகத் திறந்து. தகரம் பலகையோடு ஒட்டி இருந்தால் சூடு அப்படியே இறங்கும். நடுவில் காற்று ஓடினால் அது சூட்டைக் கொண்டுபோய்விடும்.

தட்டுக்குக் கீழே பழையபடி விறகு வைக்க மாமிக்கு ஆசை. 'ஜே' ஆவணத்தில் இதற்கும் அளவு இருக்கிறது: எரியக்கூடியது எதுவும் தளத்தின் மேல்மட்டத்தில் இருந்து 250 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும், அல்லது தளத்தின் அடிக்கும் அதற்கும் நடுவில் 50 மில்லிமீற்றர் காற்று வேண்டும். இரண்டும் கிடைக்கும்படி, அடியில் இருந்து 6 அங்குலம் தள்ளிக் குறுக்கே ஒரு கம்பி வைத்தோம். விறகு அதற்கு மேலே ஏறக்கூடாது.

மொத்தம் 90 செங்கல்லுக்குள் முடிந்தது. சீமெந்து ஒரு பை.

ஆடி அமாவாசை

சாந்து காய இரண்டு கிழமை விட்டு, பிறகு மூன்று நாள் சின்ன நெருப்பு மட்டும் போடச் சொல்லியிருந்தேன். செங்கல் பதித்த நாலாம் நாள் ஆடி அமாவாசை. மாமாவுக்கு விரதச் சமையல். தற்காலிக அடுப்பு முற்றத்தில் இருந்தது. ஆனால் மாமாவுக்குப் படைப்பதை வெளியே சமைக்க அவருக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் புது அடுப்பில் முழு நெருப்பு. அரை மணி நேரத்தில் சட சடவென்று சத்தம் கேட்டு, இரண்டு செங்கல் கிளம்பிவிட்டன. சாந்துக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் தூக்கிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் துண்டு ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இதில் என் பங்கு உண்டு. நாளை எண்ணிச் சொன்னேனே தவிர, அந்த நாட்களுக்குள் என்ன விசேஷம் வருகிறது என்று கேட்கவில்லை. கருவாட்டை யாரும் கேட்காமல் விட்டது போலத்தான் இதுவும். இரண்டு செங்கல்லையும் எடுத்து, சாந்தைச் சுரண்டி, மறுபடி பதித்தோம். இந்த முறை ஒரு மெழுகுதிரி அளவு நெருப்பில் தொடங்கி, பன்னாடை, பிறகு சுள்ளி என்று ஐந்து நாளாக ஏற்றினோம்.

இப்போது

ஒரு மாதம் கழித்து அதே கருவி, அதே நாடா. கருவாடு சுட்டு முடித்துத் தணலை வழித்தவுடன் செங்கல்லின் மேலே 205. இரண்டு மணி நேரச் சமையலுக்குப் பிறகு தட்டின் அடியில் 43. பன்ட்ரியின் வெட்டு முகத்தில் 38. லாச்சிக் கரண்டி குளிர்ந்து கிடந்தது.

செங்கல் இடுக்கில் சாம்பல் அடையும், மாபிளைப் போல் துடைக்க வராது. அது மாமிக்குக் குறைதான். தைப்பொங்கலுக்கு முன் ஒரு முறை புற்றுமண் குழைத்து இடுக்குகளை மெழுகிக்கொள்கிறார். சாம்பல் வாளி இரும்பு, மூடியோடு, கதவுக்கு வெளியே. மண்ணெண்ணெய்ப் போத்தல் குசினியை விட்டே போய்விட்டது.

புகைக் குழாயை மாற்றும் வேலை மிச்சம் இருக்கிறது. பெட்டியில் இருந்து போகும் குழாய் புகைக்கூட்டின் கழுத்து வரை எட்டவில்லை, மழைக்காலத்தில் புகை திரும்புகிறது. அதற்கு அளவு எடுக்கப் போன நாள், மாமி வரம்பின் இடது மூலையைக் காட்டி, இங்கே இன்னும் இரண்டு செங்கல் வைத்துத் தந்தால் பால் சட்டி ஆடாமல் நிற்கும் என்றார். அளந்து பார்த்தேன். பக்கத்துக்கு விட்ட 12 அங்குலத் தளத்துக்குள்தான் வருகிறது. வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.